பெயர் வைக்காத தாழ்வு மண்டலம்

எங்கள் குப்பத்தில் யாரிடமும் தேதி கேட்கக் கூடாது. கேட்டால் புயல் பெயர்தான் வரும். "பெரியவ தானே புயல் அடிச்சப்போ கைக்கொழந்த" என்பார்கள். கல்யாணம், வீடு கட்டியது, ஃபிரிட்ஜ் வாங்கியது, நாத்தனாரோடு பேச்சு நின்றது என எல்லாவற்றுக்கும் ஒரு புயல் உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவள். பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில் பிறந்த தேதி கேட்டால், இப்போதும் ஏதாவது ஒரு தாய் புயலில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையில் ஆதார் அட்டையைத் தேடுவாள்.

பெயர் இல்லாத மழைகள் இந்தக் கணக்கில் வராது. எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் வந்தது. புதுவைக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், நாங்கள் மேரி என்று சொல்வது, ஒரு மழையில் ஊறி இடிந்து விழுந்தது. அன்றிலிருந்து அது மேரி இடிஞ்ச மழை. ஒரு கட்டடம் விழுந்து மழைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது. என் தம்பி ஒரு மழையில் கடலோடு போனான், அவனால் அது முடியவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. யார் மீது என்று கேட்டால் தெரியாது.

வங்கக் கடலில் உருவாவதெல்லாம் புயல் இல்லை. முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அது வலுத்தால் தாழ்வு மண்டலம். இன்னும் வலுத்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதற்கும் மேல் காற்றின் வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால்தான் புயல். பிறகு தீவிரப் புயல், அதிதீவிரப் புயல் என்று அரசு உத்தியோகம்போலப் பதவி உயர்வு. புயல் என்ற படிக்கு வந்தால்தான் பெயர். பெயர்களும் முன்கூட்டியே தயாராக இருக்கும். இந்தப் பக்கத்துக் கடல்களைச் சுற்றியுள்ள நாடுகள் ஆளுக்குச் சில பெயர்கள் கொடுத்து வரிசையில் வைத்திருக்கின்றன. அடுத்து எது புயலாகிறதோ அதற்கு அடுத்த பெயர். ஒரு முறை வைத்த பெயரை மறுபடி வைக்க மாட்டார்கள். வகுப்பில் கரும்பலகையில் ஓர் ஏணி வரைந்து இதை நடத்துவேன். தம்பி போன பிறகும் வருடா வருடம் நடத்துகிறேன். மூன்றாவது படியில், ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தில், என் சாக்பீஸ் கொஞ்ச நேரம் நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அது தெரியாது.

குப்பத்தில் இந்த ஏணியெல்லாம் கிடையாது. எங்களுக்கு இரண்டே வகை. பெயர் வைத்தது, பெயர் வைக்காதது. பெயர் வைத்துவிட்டால் படகுகளை, கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல் தாண்டி மேலே இழுத்துக் கட்டிவிடுவோம். இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவோம். பெயர் வைக்காவிட்டால் அது மழை, அவ்வளவுதான். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஐப்பசி பிறந்ததிலிருந்து மார்கழி வரை ஒன்றுவிட்டு ஒரு நாள், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ போகும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஒன்றாம் எண் என்றால் எங்கோ தூரத்தில், மூன்றாம் எண் என்றால் கிட்டத்தில், என்று எண் போட்டுக் கம்பத்தில் ஏற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் பயந்து உட்கார்ந்தால் மூன்று மாதம் அடுப்பெரியாது. அதனால் எதற்குப் பயப்படுவது என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. பெயர் அந்த அடையாளமாகிவிட்டது. கூட்டம் போட்டு யாரும் முடிவு செய்யவில்லை.

வீட்டில் அம்மா, நான், தம்பி மூவர்தான். அப்பா முன்பே போய்விட்டார். தம்பி பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனதால்தான் நான் பி.எட். முடித்தேன். அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. என்னைக் கிண்டல் செய்வதற்கு மட்டும் அவனுக்கு அலுக்காது. "எங்க அக்கா கடல மேப்புல பாத்தே கரைய சேந்துடும்" என்பான்.

அந்தத் தாழ்வுப் பகுதி உருவானபோதே தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பரபரப்பு வந்துவிட்டது. இது புயலாக மாறினால் இன்ன பெயர் சூட்டப்படும் என்று கீழே ஓட விட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்குக் கிடைத்த மரியாதை போதும். பிறக்கப் போகும் பிள்ளைக்கு முன்பே பெயர் பேசுவதுபோல ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. டீக்கடையிலும் அதே பேச்சு, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு. லீவு விடுவார்களா என்பதுதான் எங்கள் கவலை.

தம்பி முந்தின நாள் நண்டு வலை போட்டிருந்தான். வலை கடலிலேயே கிடந்தது. காற்று வலுத்தால் வலை போய்விடும். பொழுது விடிவதற்கு முன் எழுந்து, கூட வருகிறவனுக்குப் போன் செய்தான். அவன் வரவில்லை என்றான். இவன் தனியாகக் கிளம்பினான். சின்ன ஃபைபர் படகுதான், கிட்டத்தில்தான் வலை.

"போவாதடா, பேரு வெக்கப் போறாங்கன்னு டிவில சொல்லிகினே இருக்கான்" என்றேன்.

"வெக்கப் போறாங்கன்னா இன்னும் வெக்கலன்னுதானக்கா? பேரு வெக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம். மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்."

நான் விடவில்லை. இன்னும் ஏதோ சொன்னேன். அம்மா டீயை ஆற்றிக்கொண்டே குறுக்கே வந்தாள்.

"பேரு வெச்சா அவனே போவ மாட்டான்டி. சும்மா போற புள்ளைய நிறுத்தி வெச்சிகினு. வலை போச்சுன்னா நீயா வாங்கித் தருவ?"

அவன் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். பள்ளிக்கூடம் விடுமுறை என்று சற்று நேரத்தில் செய்தி வந்தது. நான் மறுபடி படுத்துத் தூங்கினேன்.

எழுந்தபோது கூண்டு மூன்றாம் எண்ணுக்கு ஏறியிருந்தது. மழை கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் நானும் அம்மாவும் பேசியது ஒருவருக்கொருவர் கேட்கவில்லை. தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது என்றார்கள், சாப்பாட்டு வேளைக்குள் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றார்கள். அம்மா கரைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கருங்கல் மேல் ஏறி நின்றவர்களுக்குக் கடல் தெரியவில்லை, வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரிந்தது. தேடிப் போகப் படகு இறக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். இறக்க முடியவில்லை. மாலையில் அது நகரத்துக்குத் தெற்கே கரையைக் கடந்தது. தொலைக்காட்சியில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள். புயலாக மாறாமலேயே கரையைக் கடந்ததாம். புதுவை மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்களாம். அம்மா அந்த நேரம் ஈரப் புடவையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வெயில் அடித்தது. வீராம்பட்டினம் பக்கம் படகு கவிழ்ந்து கிடப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் வலை படகோடு சிக்கிக் கிடந்தது. வேலையை ஏறக்குறைய முடித்திருக்கிறான். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அவன் கிடைக்கவில்லை. அன்றும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை. அம்மா அன்றோடு நண்டு சமைப்பதை விட்டுவிட்டாள். கடலில் நண்டு எதையெல்லாம் தின்னும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மாதம் முடிவதற்குள் இன்னொன்று உருவானது. அது ஏணியில் மளமளவென்று ஏறிப் புயலாகிவிட்டது. வரிசையில் காத்திருந்த அதே பெயரை அதற்கு வைத்தார்கள். தம்பி போன அன்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததே, அதே பெயர். முன்னது வாங்கத் தவறியதைப் பின்னது வாங்கிக்கொண்டது. விதிப்படி அதில் ஒரு தவறும் இல்லை. நானே பாடம் நடத்துகிறவள், எனக்குத் தெரியாதா. மரங்கள் விழுந்தன, சுவர்கள் விழுந்தன, எங்கள் பக்கத்தில் சிலர் இறந்தார்கள். மந்திரிகள் வந்தார்கள். மைக்கோடு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.

எங்கள் தெருவுக்கு வந்தவர், புயலில் யாரை இழந்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மாவைக் கைகாட்டினார்கள். அம்மா உள்ளே போய்த் தம்பியின் போட்டோவை எடுத்து வந்து மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். கேமரா அவள் முகத்துக்குக் கிட்டே போனது.

"சார், இவன் இந்தப் புயல்ல போவல. முன்னாடி வந்துது இல்ல, அதுல" என்றேன்.

"முன்னாடி வந்துதா? அதுக்கு என்னங்க பேரு?"

"பேரு வெக்கல."

அவர் மைக்கை என்னிடமிருந்து அம்மாவிடம் திருப்பினார். அம்மா அழுதாள். இரவுச் செய்தியில் அந்தப் புயலின் பெயருக்குக் கீழே என் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

அங்கே ஆரம்பித்தது. அடுத்த வருடம் அந்தப் புயல் அடித்த நாளில் குப்பத்து மீனவர் பஞ்சாயத்து கரையில் ஒரு பேனர் வைத்தது. கண்ணீர் அஞ்சலி, இறந்தவர்களின் போட்டோக்கள், மேலே பெரிய எழுத்தில் புயலின் பெயர். வரிசையில் கடைசியாக என் தம்பி, சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த நீலச் சட்டைப் போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை என்றும் முடிவு செய்திருந்தார்கள். நான் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன்.

"என் தம்பி போட்டோவ எடுத்துடுங்க. அவன் நாள் இது இல்ல."

அவர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொன்னார். "டீச்சர், உங்களுக்குத் தெரியாதது இல்ல. அந்தத் தாழ்வுக்குன்னு தனியா ஒரு நாள் வெச்சா யாரு வருவாங்க? இதுல இருந்தா வருசா வருசம் ஊரே நின்னு கும்பிடும். புள்ள தனியா இல்லாம நாலு பேரோட இருக்கட்டுமே."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அதன் பிறகு எனக்கு ஒரு பைத்தியக்கார ஆசை பிடித்தது. சீசன் முடிந்ததும் வானிலைக்காரர்கள் எல்லாப் பதிவுகளையும் மறுபடி எடுத்து வைத்து ஆராய்வார்கள் என்று படித்திருந்தேன். அன்று அவசரத்தில் சொன்னதைப் பிறகு திருத்துவதும் உண்டு. செயற்கைக்கோள் படம், கப்பல் தகவல் எல்லாம் சேர்த்துப் பார்த்து, இது அன்று நினைத்ததைவிட வலுவானது என்று ஒரு படி ஏற்றிவிடுவதும் உண்டு. என் தம்பியுடையதையும் ஏற்றிவிட மாட்டார்களா என்று பார்த்தேன். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்போல, அந்த ஆண்டறிக்கைக்குக் காத்திருந்தேன். ஏற்றினால் ஊரில் காட்டலாம், இது வேறு, இது அவனுடையது என்று. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என் தம்பியைக் கொன்றதற்குப் பதவி உயர்வு கேட்டு நின்றிருக்கிறேன்.

அறிக்கை வந்தது. மாற்றமில்லை. ஆழ்ந்த தாழ்வு மண்டலம், பெயருக்கு வேண்டிய வேகத்துக்குக் கொஞ்சம் குறைவு. தலைப்பில் வங்கக் கடல் என்று போட்டு ஒரு வரிசை எண் மட்டும் இருந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு அறிக்கையில் இருந்த அலுவலகத் தொலைபேசிக்குப் போன் செய்தேன். பேசியவருக்கு இளம் குரல், பொறுமையான ஆள். காரணத்தைச் சொன்னதும் அவர் குரல் தணிந்தது. எத்தனை மணிக்குப் படகு எடுத்தார் என்று கேட்டார். சொன்னேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"மேடம், அந்த நேரத்துல அது தாழ்வு மண்டலம்கூட இல்லீங்க. வெறும் தாழ்வுப் பகுதிதான். காலைல அவர் போனதுக்கு அப்புறம்தான் மண்டலமாச்சு."

"அப்போ அவன் கெளம்பினப்போ அங்க ஒண்ணுமே இல்லையா?"

"இருந்துது மேடம். அந்த வகைல சேக்கற அளவுக்கு வரல." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு, நாங்க பதிவு வெக்கறது கிரீன்விச் நேரத்துல. விடியறதுக்கு முன்னாடின்னா எங்க கணக்குல அது முந்தின தேதி."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வேறென்ன செய்வது. பதிவின்படி பார்த்தால் என் தம்பி நேற்றே கிளம்பி, இன்னும் உருவாகாத ஒன்றில் போயிருக்கிறான். அன்று இரவு ரொம்ப அழுதேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதற்காக அழுதேன்.

திவசம் கொடுக்கும் நாளிலாவது உறுதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். உடல் கிடைக்காததால் முதல் வருடம் அம்மா எதுவும் செய்ய விடவில்லை, வந்துவிடுவான் என்றாள். இரண்டாம் வருடம் அவளே படையல் போடலாம் என்றாள். வஞ்சிரம் வறுத்து, பரோட்டா வாங்கி, அவன் குடிக்கும் குவாட்டரை ஒளிக்காமல் நடு இலையில் வைத்தாள். ஆனால் போட்டது பேனர் வைத்த நாளில். நான் கத்தினேன்.

"உன் புள்ள போன நாள் உனக்கே மறந்துடுச்சா? அன்னிக்கி டீ போட்டுக் குடுத்தது நீதானம்மா."

அம்மா வாழை இலையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்ற நாள்ல எல்லாப் படகும் கடல்லதான் கெடக்குது. எவனும் நெனைக்கல. இந்த நாள்ல ஒரு படகு எறங்கல பாரு. என் புள்ளைக்காகக் கடல் சும்மா கெடக்குதுடி. நான் இந்த நாள்லதான் போடுவேன்."

பிறகு மெதுவாக வேறொன்றும் புரிந்தது. பெயர் வைத்த புயலில் மகனைக் கொடுத்த தாயை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவளே அவளைக் கேட்டுக்கொள்ளவும் வேண்டாம். சும்மா போற புள்ளைய நிறுத்தாதே என்று அன்று சொன்ன வாய் அவளுடையது. அது புரிந்த பிறகு நான் அவளோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனாலும் உண்மையான நாளில் நான் மட்டும் கரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன வருடமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் போனேன். படகுகள் வந்து மீனைக் கொட்டிக்கொண்டிருந்தன. ஐஸ் வண்டி நின்றது, பேரம் நடந்துகொண்டிருந்தது. கருங்கல் இடுக்கில் காற்றுக்கு மறைத்துக் கற்பூரம் ஏற்றினேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அன்று தம்பியோடு போகாமல் வீட்டிலிருந்தானே, அவன்தான் அவர். இப்போது தலை நரைத்துவிட்டது.

"என்னா டீச்சர், இன்னிக்கி என்ன விசேஷம்?"

"தம்பி நாளு."

"இன்னிக்கா?" அவர் யோசித்தார். "அவன் புயல்லதான போனான்? அதுக்கு இன்னும் நாளிருக்கே."

அவர் பொய் சொல்லவில்லை. அன்று காலை போன் வந்தது அவருக்குத்தான், வரவில்லை என்று சொன்னதும் அவர்தான், ஆனால் அவருக்குள்ளும் அந்த நாள் நகர்ந்துபோயிருந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன். தாழ்வுப் பகுதி, மண்டலம், ஆழ்ந்த மண்டலம், அதே பெயர், முன்னது, பின்னது. எத்தனை பேருக்குச் சொல்லியாகிவிட்டது. களைத்துப்போய்விட்டேன்.

"ஆமா, நாள் தப்பா நெனச்சுட்டேன்" என்றேன். கற்பூரம் அதற்குள் அணைந்திருந்தது. முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

இந்த வருடம் ஐப்பசியில் மறுபடி ஒன்று உருவாகியிருக்கிறது. நேற்று மாலை செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தாழ்வு மண்டலம், வலுப்பெற வாய்ப்பு, துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு. வரிசையில் அடுத்த பெயரையும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பேரு வெச்சுட்டாங்களாடி?"

"இன்னும் வெக்கலம்மா."

"அப்போ ஒண்ணுமில்ல" என்றாள். "பேரு வெக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நிம்மதியாக வெங்காயம் அரிய உட்கார்ந்தாள். கரைப் பக்கம் யாரோ இன்ஜினைக் கிளப்பும் சத்தம் கேட்டது. போகாதே என்று நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. அது என்ன என்று சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை.